வாய் திறந்து சொல்லுங்கள்



மாதவிடாய் நிற்கும் வயதில் ஒரு பெண்ணின் பல்லுக்கும் ஈறுக்கும் என்ன நேர்கிறது, அவற்றை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது? இதுதான் இன்றைய பேச்சு. பல்லுக்கும் மாதவிடாய்க்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் பலருக்கு இந்நேரம் தோன்றியிருக்கும். அந்த வியப்பில்தான் என் கவலையே தொடங்குகிறது.

நம் வீட்டில் ஒரு பெண் பூப்பெய்தினால் சொந்தம் எல்லாம் கூடுகிறது. மஞ்சள் நீராட்டு, தாய்மாமன் சீர், உளுந்தங்களி, நல்லெண்ணெய். அவள் கருவுற்றால் வளைகாப்பு, வகைவகையான சோறு, கை நிறைய வளையல். பால் குடித்தாயா, மாத்திரை போட்டாயா என்று தெருவே கேட்கிறது. அதே உடம்பு மூன்றாவது முறையாக ஒரு பெரிய மாற்றத்தைச் சந்திக்கிறது. நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நின்றுவிடுகிறது. மேலை நாடுகளில் 51 வயதுவாக்கில். இந்த மூன்றாவது மாற்றத்துக்குச் சீர் உண்டா? விசாரிப்பு உண்டா? நடு இரவில் உடம்பெல்லாம் குப்பென்று சூடேறி, வியர்த்து எழுந்து உட்காரும் பெண்ணைப் பக்கத்தில் படுத்திருப்பவர் கூட ஏன் என்று கேட்பதில்லை.

உங்கள் வாய் உங்கள் ஹார்மோன்களோடு சேர்ந்தே வளர்ந்தது. பருவம் வந்த வயதில் ஈறு சிவந்து வீங்கியது நினைவிருக்கிறதா? பிள்ளை உண்டாகியிருந்தபோது பல் துலக்கினால் ரத்தம் கசிந்ததே, நினைவிருக்கிறதா? அந்த இரண்டு முறையும் ஹார்மோன் கூடியது, ஈறு அதற்குப் பதில் சொன்னது. இப்போது ஹார்மோன் குறைகிறது. இதற்கும் ஈறு பதில் சொல்லத்தானே செய்யும்? ஈறில், வாயின் உட்புறத் தோலில், உமிழ்நீர்ச் சுரப்பிகளில், தாடை எலும்பில் என எல்லா இடத்திலும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனுக்குச் செவி கொடுக்கும் செல்கள் இருக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் விலகும்போது அத்தனை இடங்களும் அதை உணர்கின்றன.

ஆனால் இதை யார் கேட்கிறார்கள்? மகப்பேறு மருத்துவரிடம் போகிறீர்கள். உதிரப்போக்கு, தூக்கம், மூட்டு வலி என்று கேட்கிறார். வாயைப் பற்றிக் கேட்பதில்லை. பல் மருத்துவரிடம் போகிறீர்கள். எந்தப் பல், எத்தனை நாளாக வலி என்று கேட்கிறார். மாதவிடாய் நின்றுவிட்டதா என்று கேட்பதில்லை. இருவரும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. கேட்காததற்கும் சொல்லாததற்கும் நடுவில் பெண்கள் பல்லை இழக்கிறார்கள். நான் இன்று இங்கே வந்து நிற்பது இந்த ஒன்றுக்காகத்தான்.

ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அவரைப் போன்றவர்களை என் போன்ற ஈறு மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறோம். ஐம்பதைத் தாண்டிய வயது, பூக்கட்டி விற்பவர். நாரைப் பல்லால் கடித்து இழுத்தே பழக்கப்பட்டவர். கீழ் முன்பல் ஒன்று ஆடுகிறது. "இதை மட்டும் எடுத்து விட்டுடுங்க டாக்டரம்மா, நான் போகணும், கடையில ஆள் இல்லை" என்கிறார். துலக்கும்போது ரத்தம் வருமா அம்மா என்று கேட்டால், "அது ரொம்ப வருஷமா வருதே. வலிதான் இல்லையே" என்கிறார்.

வலிதான் இல்லையே! இந்த வாக்கியத்தை எத்தனை வாய்களிலிருந்து கேட்டிருக்கிறேன். சொத்தைப் பல் நம்மைத் தூங்க விடாது, கத்தும். ஈறு நோய் கத்தாது. பல்லைச் சுற்றி இரவும் பகலும் கிருமிகள் மெல்லிய படலமாகப் படிகின்றன. துலக்கி எடுக்காவிட்டால் அது உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து காரையாக இறுகிவிடுகிறது. இறுகிய பிறகு எந்தப் பிரஷ்ஷாலும் அதை எடுக்க முடியாது. காரையின் மேல் புதிய கிருமிகள் குடியேறும். ஈறு சிவக்கும், வீங்கும், தொட்டால் ரத்தம் வரும். இந்த நிலையில் வந்தால் முழுவதும் சரிசெய்துவிடலாம். சுத்தம் செய்து, ஒழுங்காகத் துலக்கினால் சில வாரங்களில் ஈறு பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும்.

வராவிட்டால்? ஈறு பல்லை விட்டு விலகும். நல்ல ஈறுக்கும் பல்லுக்கும் இடையே 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம்தான் இருக்கும். அது 4 ஆகும், 5 ஆகும், 6 ஆகும். பை போல ஆன அந்தப் பள்ளத்துக்குள் பிரஷ் போகாது, கிருமிகள் மட்டும் போகும். உள்ளே எலும்பு கரையும். ஆற்றங்கரையில் நிற்கும் தென்னையைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு வெள்ளத்திலும் அடிமண் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கும், மரம் மேலே காய்த்துக்கொண்டு நிற்கும். சாயத் தொடங்கும்போது பார்த்தால் வேருக்குக் கீழே பாதி மண் இருக்காது. அந்த அம்மாவின் எக்ஸ்ரேயில் நான் பார்த்தது அதுதான். ஆடியது ஒரு பல், எலும்பு குறைந்திருந்தது ஏழெட்டுப் பற்களுக்கு. அப்படிப் போன எலும்பைப் பழையபடி முழுமையாக மீட்டுத் தரும் சிகிச்சை இன்று இல்லை. இருக்கிற எலும்பைக் காப்பாற்றலாம், அதுவே பெரிய காரியம்.

உங்களுக்கு மாதவிடாய் எப்போது நின்றது அம்மா என்று அவரிடம் கேட்டேன். அவர் முகத்தில் ஒரு திடுக்கிடல். பல்லைப் பார்க்க வந்த இடத்தில் இது என்ன கேள்வி? பிறகு மெதுவாகச் சொன்னார். நாற்பது வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள், சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். அப்படி எடுத்தவர்களுக்கு மாதவிடாய் படிப்படியாக நிற்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் வடிந்துவிடுகிறது. மற்றப் பெண்களைவிட ஆறேழு ஆண்டுகள் முன்னதாகவே அவருடைய எலும்பு அந்தத் துணையை இழந்திருக்கிறது. இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இந்த அரங்கிலும் இருப்பீர்கள். உங்களிடம்தான் அழுத்திச் சொல்கிறேன்: 40 வயதானாலும் உங்கள் வாயை 50 வயது வாயாக நினைத்துக் கவனியுங்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மாதவிடாய் நின்றதால் மட்டும் ஈறு நோய் வந்துவிடாது. நோயைக் கொண்டுவருவது கிருமிப் படலம். பிறகு மாதவிடாய் நிற்பதன் பங்கு என்ன? நம் எலும்பு சும்மா கிடக்கும் கட்டை அல்ல. அதை அரித்தெடுக்கும் செல்களும் கட்டிக்கொண்டே வரும் செல்களும் உள்ளே ஓயாமல் வேலை செய்கின்றன. அரிக்கும் செல்களை அடக்கி வைப்பது ஈஸ்ட்ரோஜன். அது போனபின் அரிப்பு முந்துகிறது. மாதவிடாய் நின்றபின் வரும் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் சில பெண்களுக்கு எலும்பு அடர்த்தியில் 20 சதவீதம் வரை குறைந்துவிடுகிறது. அதே காலத்தில் ஈறின் தோலும் மெலிகிறது, கிருமிகள் கிளப்பும் அழற்சி எளிதில் அடங்குவதில்லை. முப்பது வயதில் நீங்கள் அலட்சியமாகத் துலக்கியபோது பொறுத்துக்கொண்ட ஈறு, ஐம்பதில் பொறுத்துக்கொள்ளாது.

அமெரிக்காவின் பஃபலோ நகரில் மாதவிடாய் நின்ற 1,300க்கும் மேற்பட்ட பெண்களை 1990களின் இறுதியில் தொடங்கிப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். இடுப்பு, முதுகெலும்பின் அடர்த்தியையும் பற்களைத் தாங்கும் தாடை எலும்பின் உயரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் இரண்டுக்கும் தொடர்பு தெரிந்தது. இடுப்பு எலும்புக்காகக் கவலைப்படும் நாம், அதே உடம்பில் இருக்கும் தாடையை ஏன் மறந்துவிட்டோம்?

சரி, சுத்தம் செய்துகொள்ளலாம் வாருங்கள் என்று கூப்பிட்டால் என்ன சொல்கிறார்கள்? "வேண்டாம்மா, மெஷின் வைத்துச் சுத்தம் செய்தால் பல் ஆட ஆரம்பித்துவிடும்." பக்கத்து வீட்டு அக்கா சொன்னது, நாத்தனார் சொன்னது. உங்களில் பாதிப் பேர் தலையசைப்பது எனக்குத் தெரிகிறது. கொஞ்சம் யோசியுங்கள். எலும்பு போய்த் தளர்ந்துவிட்ட பற்களைச் சுற்றிக் கல்லாக இறுகிய காரைதான் அவற்றை ஒட்டிப் பிடித்து வைத்திருக்கிறது. காரையை எடுத்ததும், ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. வீங்கியிருந்த ஈறு வற்றியதும், பற்களுக்கு நடுவே இருந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது. சுத்தம் செய்தது ஆட்டத்தை உண்டாக்கவில்லை. அதை உண்டாக்கியது காரையை விட்டுவைத்த ஒவ்வொரு வருடமும்தான். காரை சேராத காலத்திலேயே வருடத்துக்கு ஒருமுறை, ஈறு நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொல்வதுபோல மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒருமுறை வந்தால் இந்தப் பேச்சுக்கே இடம் இருக்காது.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்பதும் இதே கதைதான். பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. இதற்கு மேல் அதில் சொல்ல எதுவும் இல்லை.

அடுத்து உமிழ்நீர். எச்சில் என்று நாம் முகம் சுளிக்கிற அந்த நீரைப் போல வாயைக் காக்கும் மருந்து வேறு கிடையாது. நல்ல ஆரோக்கியத்தில் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது. சாப்பிட்டபின் வாயில் உண்டாகும் அமிலத்தைத் தணிக்கிறது. கரைந்த சுண்ணாம்பைப் பல்லின் எனாமலுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. கிருமிகளைக் கழுவி விடுகிறது. மாதவிடாய் நின்ற பல பெண்களுக்கு இது குறைகிறது, அல்லது கெட்டியாகி நுரைக்கிறது. இரவில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறதா? இட்லியைக் கூடத் தண்ணீர் குடித்தால்தான் விழுங்க முடிகிறதா? உதடு காய்கிறதா? அப்படியென்றால் இது உங்களுக்கான பகுதி.

இதோடு மாத்திரைகள் சேர்கின்றன. இந்த வயதில்தான் ரத்தக்கொதிப்பு மாத்திரை, தூக்க மாத்திரை, மனச்சோர்வுக்கான மாத்திரை, சளிக்கும் அரிப்புக்குமான மாத்திரை என ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வருகின்றன. இவற்றில் பல, வாயை வறள வைக்கும். ரத்தக்கொதிப்புக்குப் பலரும் போடும் அம்லோடிபின் மாத்திரை சிலருக்கு ஈறைத் தடிக்க வைத்துப் பல்லின் மேல் ஏறச் செய்யும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து. கொடுத்த மருத்துவரிடம் வாயின் நிலையைச் சொல்லுங்கள். மாற்று மருந்து இருக்கிறது, அளவை மாற்றவும் வழி இருக்கிறது. சொன்னால்தானே அவருக்குத் தெரியும்? வாய் வறட்சியோடு கண்ணும் மணல் விழுந்ததுபோல் உறுத்தினால், ஸ்ஜோகிரன் என்ற நோயாக இருக்கலாம். சுரப்பிகளை உடம்பே தாக்கும் நோய் அது. பாதிக்கப்படுவோரில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள்.

வாய் வறண்டால் நாம் என்ன செய்கிறோம்? ஒரு வாய் காபி. சற்று நேரத்தில் ஒரு டீ. பேருந்தில் ஒரு புளிப்பு மிட்டாய். இருமலுக்கு வாங்கிய இனிப்பு வில்லை ஒன்று கன்னத்தில் அடங்கியபடியே கரைகிறது. ஒவ்வொரு முறை சர்க்கரை உள்ளே போகும்போதும் சில நிமிடங்களில் பல்லின் மேல் அமிலம் ஏறுகிறது. அது தணிய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகிறது. உமிழ்நீர் குறைந்தவருக்கு இன்னும் நேரம் ஆகிறது. ஒரு நாளைக்கு ஆறு முறை காபி என்றால், பல் ஆறு முறை அமிலத்தில் ஊறுகிறது. எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பது முக்கியம். ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும் இடத்தில் எனாமல் கிடையாது. அங்கே சொத்தை வெகு வேகமாகப் பரவும். முப்பது வருடம் ஒரு சொத்தையும் இல்லாமல் இருந்த பெண்மணிகள், 55 வயதில் நான்கைந்து பற்களில் வேரோரச் சொத்தையோடு வந்து, எனக்கா இப்படி என்று திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பாட்டில் வைத்துக்கொண்டு அடிக்கடி ஒரு வாய் குடியுங்கள். காபி, டீயை உணவோடு சேர்த்து இரண்டு வேளைக்குள் முடித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லலாம், எச்சில் ஊறும். ஊறுகாயோ மிட்டாயோ வேண்டாம்.

இனி நான் கொஞ்சம் நின்று பேச விரும்பும் இடத்துக்கு வருகிறேன். நாக்கு எரிச்சல்.

காலையில் எழும்போது பெரிதாக ஒன்றும் இல்லை. மதியம் வர வர நாக்கின் நுனியும் ஓரங்களும் வெந்நீர் பட்டதுபோல் எரிகின்றன. மாலையில் தாங்க முடிவதில்லை. சாப்பிடும்போது சிலருக்குக் குறைந்தும் விடுகிறது. வாயில் கசப்பு, இரும்பு கடித்த சுவை. கண்ணாடியில் பார்த்தால் நாக்கில் புண் இல்லை, சிவப்பும் இல்லை. மருத்துவர் பார்க்கிறார், ஒன்றும் இல்லையே என்கிறார். இன்னொருவரிடம் போகிறார்கள், வயிற்றுப்புண் மாத்திரை கொடுக்கிறார். மூன்றாவது இடத்தில் பி காம்ப்ளக்ஸ். வீட்டில் என்ன சொல்கிறார்கள்? "உனக்கு எல்லாம் மனசுதான்." மருமகள் சமைத்ததில் காரம் என்று குறை சொல்லவே மாமியார் இப்படிச் செய்கிறார் என்று கூடப் பேச்சு வந்துவிடுகிறது. நாக்கு எரிகிற வேதனையைவிட, மற்றவர்கள் நம்ப மறுக்கிற வேதனை பெரிது. நம்பாத வீட்டில் பெண் பேசுவதை நிறுத்திவிடுகிறாள்.

அந்தப் பெண்கள் யாராவது இங்கே இருந்தால், உங்களிடம் நேராகச் சொல்கிறேன். உங்கள் எரிச்சல் உண்மை. அதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கிறது, வாய் எரிச்சல் நோய். அது அதிகமாக வருவதே மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான். வலியையும் சுவையையும் எடுத்துச் செல்லும் நரம்புகள் தடுமாறுவதால் வருகிறது என்று கருதப்படுகிறது. முதலில் வேறு காரணங்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ரத்தசோகை, பி12 குறைவு, சர்க்கரை நோய், தைராய்டு, வாயில் பூஞ்சைத் தொற்று, இரவில் கழற்றாமல் போட்டுக்கொள்ளும் பல் செட். இவற்றில் ஒன்று இருந்தால் அதைச் சரிசெய்தால் எரிச்சல் அடங்கும். எதுவும் இல்லையென்றாலும் நரம்பைத் தணிக்கும் மருந்துகள் இருக்கின்றன. இது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறவும் மாறாது. இந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் நாற்காலியிலேயே அழுதுவிட்ட அம்மாக்கள் உண்டு. மாதக்கணக்கில் அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லாமல் சுமந்திருக்கிறார்கள். வீட்டு ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என் வேண்டுகோள்: அம்மா நாக்கு எரிகிறது என்றால் நம்புங்கள். நம்பிவிட்டு அழைத்து வாருங்கள்.

ஆனால் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, வாய் திறப்பது குறைவது ஆகியவை இருந்தால் அது வேறு கதை. இரண்டு வாரத்தில் ஆறாத எந்தப் புண்ணையும் காட்டியே ஆக வேண்டும். வெற்றிலை பாக்கு போடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். புகையிலை இல்லாத வெறும் பாக்குமே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004ல் அறிவித்துவிட்டது. கல்யாண வீட்டுத் தாம்பூலத்தை நான் குறை சொல்லவில்லை, தினமும் கன்னத்தில் அடக்கும் பாக்கைச் சொல்கிறேன்.

எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து எடுப்பவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். வாரம் ஒரு மாத்திரை, அல்லது வருடம் ஒரு ஊசி, அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி எனப் பல வகைகளில் இந்த மருந்துகள் வருகின்றன. இடுப்பெலும்பு முறியாமல் காக்கும் நல்ல மருந்துகள் இவை. ஆனால் இவை எலும்பின் புதுப்பிப்பை மெதுவாக்குவதால், மிக அரிதாகச் சிலருக்குப் பல் எடுத்த இடம் ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரிந்துவிடுகிறது. 2003ல் அமெரிக்காவின் ராபர்ட் மார்க்ஸ் என்ற வாய் அறுவை மருத்துவர் இதை முதலில் எழுதி எச்சரித்தார். புற்றுநோய்க்காக அதிக அளவில் இந்த மருந்து எடுப்பவர்களுக்குத்தான் ஆபத்து கூடுதல், எலும்புத் தேய்மானத்துக்கு எடுப்பவர்களுக்கு மிக மிகக் குறைவு. அதனால் பயந்துகொண்டு மருந்தை விட்டுவிடாதீர்கள். ஆறு மாத ஊசியைத் தானாக நிறுத்தினால் முதுகெலும்பு நொறுங்கும் அபாயம் உண்டு. செய்ய வேண்டியது ஒன்றுதான். மருந்து தொடங்கும் முன்பே பல் மருத்துவரிடம் போய், எடுக்க வேண்டிய பல் இருந்தால் எடுத்து, ஈறைச் சீர்செய்துகொள்ளுங்கள். ஏற்கெனவே தொடங்கியிருந்தால், பல் மருத்துவரின் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். அவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

சர்க்கரை நோயைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023ல் சொன்னது. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது. மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போயும் சர்க்கரை குறையவில்லையா? வாயைத் திறந்து காட்டுங்கள்.

துலக்குவது எப்படி? மென்மையான பிரஷ் போதும். கடினமான பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்தால் மெலிந்த ஈறு இன்னும் இறங்கும். ஈறும் பல்லும் சேரும் ஓரத்தில் பிரஷ்ஷைச் சாய்வாக வைத்து, சின்னச் சின்ன அசைவாக, இரண்டு நிமிடம். பல்லிடுக்குக்குத் தனியே சிறு பிரஷ் மருந்துக்கடையில் கிடைக்கிறது. கரித்தூள், செங்கல் தூள், உப்பு வைத்துத் தேய்ப்பது வெளியே வந்த வேரை அரித்துவிடும். சிலருக்குச் சிவப்புப் பல்பொடி போட்டால்தான் காலை விடியும்; அதில் புகையிலை இருக்கிறதா என்று பாருங்கள். புகையிலை கலந்த பல்பொடியையும் பற்பசையையும் மத்திய அரசு 1992லேயே தடை செய்துவிட்டது. பொடியைப் போட்டதும் தலை லேசாகச் சுற்றி இதமாக இருந்தால் அது பல்பொடி இல்லை என்று அறிந்துகொள்ளுங்கள். உப்புநீர் கொப்பளிப்பது நல்லது, நல்லெண்ணெய் கொப்பளிப்பதிலும் கெடுதல் இல்லை. ஆனால் இரண்டும் காரையை எடுக்காது.

காலையில் எல்லோரும் துலக்குகிறோம். இரவில்? எல்லோருக்கும் சோறு போட்டு, பாத்திரம் கழுவி, பால் காய்ச்சி ஆற வைத்து, கதவைச் சாத்திவிட்டுப் படுக்கையில் விழும் பெண்ணிடம் பல் துலக்கினாயா என்று யார் கேட்பார்கள்? ஆனால் உறக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும். கிருமிகளுக்கு அதுதான் வேலை நேரம். ஒரு வேளைதான் துலக்க முடியும் என்றால் அது இரவாக இருக்கட்டும் என்றே சொல்வேன். ஃபுளூரைடு பற்பசை போட்டுத் துலக்கி, துப்பிவிட்டு, உடனே வாயை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் படுத்துவிடுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து உறவினர்கள் ஃபுளூரைடு பல்லைக் கெடுக்குமே என்று கேட்பார்கள். அங்கே நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம் என்பது உண்மை, அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்தது. அங்கே பல்லில் தெரிவது வளரும் வயதில் குடித்த நீரால் வந்த கறை. பெரியவர்கள் துலக்கித் துப்பும் பசையால் அந்தக் கறை வராது.

உணவைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு மனம் கனக்கிறது. பல் போன பெண் என்ன சாப்பிடுகிறாள் என்று கவனித்திருக்கிறீர்களா? முதலில் கொய்யாவை விடுகிறாள். பிறகு முறுக்கை, வேர்க்கடலையை. சுண்டல் வேண்டாம் என்கிறாள். கறித்துண்டைப் பேரனின் தட்டில் வைக்கிறாள். பிரியத்தால் வைக்கிறாள் என்று நினைக்கிறோம். மெல்ல முடியாமல் வைக்கிறாள். கடைசியில் கரைத்த சாதம், ரசம், காபியில் நனைத்த பிஸ்கட். புரதம் போகிறது, சுண்ணாம்புச் சத்து போகிறது, மாவுச்சத்து மட்டும் மிஞ்சுகிறது. சர்க்கரை ஏறுகிறது, எலும்பு இன்னும் மெலிகிறது. பல்லில் தொடங்கியது உடம்பு முழுவதும் பரவுகிறது.

மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ல் வெளியிட்ட பரிந்துரை சொல்கிறது. ஒரு தம்ளர் பாலில் சுமார் 240 கிடைக்கும். 100 கிராம் கேழ்வரகில் 300க்கு மேல். எள்ளு, முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலி எல்லாம் நம் அடுப்படியில் உள்ளவை. இளவெயிலில் கொஞ்ச நேரம் நடங்கள். பால் காய்ச்சும் கை, அதில் ஒரு தம்ளரைத் தனக்கென எடுத்து வைக்க வேண்டும். இதைச் சொல்ல ஒரு மருத்துவர் வேண்டியிருப்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

வயதானால் பல் போகத்தானே செய்யும் என்று இன்னும் நினைப்பவர்களுக்கு ஜப்பானைச் சொல்கிறேன். 1989ல் அந்த நாடு ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. 80 வயதில் 20 சொந்தப் பற்கள், இதுதான் இலக்கு. அப்போது அதை எட்டியிருந்தவர்கள் பத்தில் ஒருவர் கூட இல்லை. 2016ல் எடுத்த கணக்கில் பாதிக்கு மேற்பட்டோர் எட்டியிருந்தார்கள். ஒரே தலைமுறைக்குள் நடந்தது இது. ஜப்பானியரின் ஈறு நம் ஈறிலிருந்து வேறா? அவர்கள் வலி வருமுன் பல் மருத்துவரிடம் போனார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

நமக்கும் வழி இருக்கிறது. சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சிதம்பரத்தில் இருக்கிறது, மாவட்ட மருத்துவமனைகளிலும் பல வட்ட மருத்துவமனைகளிலும் பல் பிரிவு இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம், ரத்தக்கொதிப்பு மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் வீட்டு வாசலுக்கே கொண்டு வருகிறது. அப்படி வரும் சகோதரியிடம், எனக்குத் துலக்கினால் ரத்தம் வருகிறது, வாய் காய்கிறது, நாக்கு எரிகிறது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். எங்கே போக வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். அரசு இந்தப் பணியில் வாய்ப் பரிசோதனையையும் முறையாகச் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. மாத்திரை கொடுக்கும் கை, ஒரு டார்ச் விளக்கை வாய்க்குள் அடித்துப் பார்க்க எத்தனை நொடி ஆகும்?

இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். எழுந்து நின்று கேட்கக் கூச்சமாக இருந்தால் வாசலருகே மேசையில் தாளும் பேனாவும் வைத்திருக்கிறோம். பெயர் எழுத வேண்டாம். உங்கள் வயது, மாதவிடாய் நின்று எத்தனை வருடம், போடும் மாத்திரைகள், வாயில் உள்ள தொந்தரவு இவை மட்டும் போதும். அதே விவரங்களை இன்னொரு தாளில் எழுதி மடித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை எந்த மருத்துவரிடம் போனாலும் காட்டுங்கள். முதல் வரிசையில் ஓர் அம்மா கை தூக்கியிருக்கிறார். சொல்லுங்கள் அம்மா.